உங்கள் தொகுதியின் தேர்தல் வரலாற்றை நீங்களே தொகுப்பது எப்படி? ராமநாதபுரம் கடற்கரையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மண்டபத்தில் ஒரு டீக்கடை வாசல். கிழிந்த வலையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிராமலேயே சொன்னார்: "கோட்டையில் யார் உட்காரப் போகிறார்களோ, அவர்கள் ஆள்தான் ராமநாதபுரத்தில் ஜெயிப்பார். என்றைக்கும் அப்படித்தான்." எதிர் பெஞ்சில் இருந்தவர் விடவில்லை. "2006-இல் காங்கிரஸ், 2011-இல் மனிதநேய மக்கள் கட்சி. அவர்களா அண்ணே கோட்டையில் உட்கார்ந்தார்கள்?"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அன்று வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் கோடு போட்டு அட்டவணை எழுதத் தொடங்கினேன். ஒரே மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை மாதக்கணக்கில் இழுத்தது. வழியில் நான் விழுந்த குழிகளில் நீங்கள் விழாமல் இருக்கவே இந்த வழிகாட்டி. எடுத்துக்காட்டுகள் எல்லாம் எங்கள் கடற்கரையைச் சேர்ந்தவை. முறை எந்தத் தொகுதிக்கும் பொருந்தும்.

படி 1: எந்த அவை, எந்தத் தொகுதி என்று முடிவு செய்யுங்கள்

இது சொல்லவேண்டிய விஷயமா என்று தோன்றலாம். சொல்லவேண்டியதுதான். "ராமநாதபுரம்" என்ற பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி (எண் 211) இருக்கிறது, ஒரு மக்களவைத் தொகுதி (எண் 35) இருக்கிறது, ஒரு மாவட்டமும் இருக்கிறது. மூன்றின் எல்லையும் வெவ்வேறு. மக்களவைத் தொகுதிக்குள் பரமக்குடி, திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர் ஆகிய நான்கும் வருகின்றன. அவற்றோடு புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியும் விருதுநகர் மாவட்டத்து திருச்சுழியும் சேர்கின்றன. ஆக, ராமநாதபுரம் எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லாரும் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள் அல்லர்.

ஆட்களும் குழப்புவார்கள். அன்வர் ராஜா 2001-இல் ராமநாதபுரத்தில் ஜெயித்தார், 2014-லும் ராமநாதபுரத்தில் ஜெயித்தார். முன்னது சட்டமன்றம், பின்னது மக்களவை. அட்டவணையில் "அவை" என்று ஒரு பத்தி இல்லையென்றால் இரண்டும் ஒரே தொடராகத் தெரியும்.

மாவட்டப் பெயரில் இன்னும் பெரிய வலை விரிந்திருக்கிறது. 1910-இல் உருவான பழைய ராமநாதபுரம் மாவட்டம் 1985-இல்தான் மூன்றாகப் பிரிந்தது. இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் அதுவரை அதற்குள் அடக்கம். 1985-க்கு முந்தைய நாளிதழ் ஒன்றில் "ராமநாதபுரம் மாவட்டத்தில் இந்தக் கட்சிக்கு இத்தனை இடம்" என்று கண்டால் அந்தக் கணக்கில் சிவகாசியும் காரைக்குடியும் இருக்கின்றன என்பதை மறந்துவிடாதீர்கள்.

படி 2: பெயரைப் பின்தொடராதீர்கள், ஊரைப் பின்தொடருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். தொகுதியின் பெயர் அப்படியே நிற்கும், அதன் கீழே இருக்கும் மண் மட்டும் நகரும். பெயரை வைத்து எழுதினால் ஒரு வரலாறும், ஊரை வைத்து எழுதினால் வேறொரு வரலாறும் கிடைக்கும்.

ஒரு தாளின் இடப்பக்கம் உங்களுக்குத் தெரிந்த பத்து ஊர்களை எழுதுங்கள். நான் எழுதியவை: ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி, மூக்கையூர், தொண்டி. மேல்வரிசையில் எல்லை மறுவரையறை ஆணைகளின் காலங்களைப் போடுங்கள். முதல் பொதுத் தேர்தல், 1957, 1962, 1967, பிறகு 1976 ஆணை (1977 தேர்தல் முதல்), கடைசியாக 2008 ஆணை. இந்தக் கடைசி ஆணை 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. மக்களவைக்கு 2009-லும் சட்டமன்றத்துக்கு 2011-லும் முதன்முறை பயன்பட்டது. ஒவ்வொரு ஆணையிலும் தாலுகாவும் கிராமங்களும் பெயர் பெயராக அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஊரும் எந்தத் தொகுதியில் வருகிறது என்று கட்டங்களை நிரப்புங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் மேலே போனால் பின்னால் எல்லாவற்றையும் அழித்து எழுத நேரும்.

நிரப்பும்போதே கதைகள் எழும்பும். கடலாடி என்று ஒரு சட்டமன்றத் தொகுதி 2006 தேர்தலோடு மறைந்துவிட்டது. கடலாடித் தாலுகா, அதாவது சாயல்குடி, வாலிநோக்கம், மூக்கையூர்ப் பக்கத்துக் கரை, இப்போது முதுகுளத்தூர் தொகுதியில் இருக்கிறது. 2006-இல் கடலாடியில் வென்று வீட்டுவசதித் துறை அமைச்சரான சுப. தங்கவேலன், தொகுதியே இல்லாமல் போனதும் 2011-இல் திருவாடானைக்குப் போய் அங்கே வென்றார். திருவாடானையின் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அவர் திடீரென முளைத்த புதிய முகம். ஊர்க் கட்டத்தை நிரப்பியவருக்கு அவர் பழைய கடலாடிக்காரர்.

தொண்டி இன்னொரு வேடிக்கை. திருவாடானை சட்டமன்றத் தொகுதி 2004 வரை சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது, 2009-இல்தான் ராமநாதபுரத்துக்கு வந்தது. "நாங்கள் எந்தக் காலத்திலும் ராமநாதபுரம் எம்.பி.க்குத்தான் ஓட்டுப் போட்டோம்" என்று தொண்டியில் யாராவது சொன்னால் அன்போடு மறுக்கலாம்.

ஊரே மறைந்துபோவதும் உண்டு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1962-க்கும் 1967-க்கும் இடையில் தீவின் ஒரு முனை வாக்காளர் வரைபடத்திலிருந்து கழன்று விழுந்துவிட்டது. பெயர் பட்டியலில் இதற்கான தடயம் எதுவும் இருக்காது.

இரட்டை உறுப்பினர் தொகுதிகளையும் இந்தப் படியிலேயே குறித்துவையுங்கள். 1952, 1957 தேர்தல்களில் சில தொகுதிகள் ஒரே சமயத்தில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தன. 1957-இல் முதுகுளத்தூர் அப்படிப்பட்டது. 1961-இல் சட்டம் கொண்டுவந்து அந்த ஏற்பாட்டை நீக்கினார்கள். ஒரே ஆண்டுக்கு நேராக இரண்டு வெற்றியாளர் பெயரைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடாதீர்கள். நான் அடித்தேன்.

படி 3: ஆவணங்களைச் சேகரியுங்கள்

முதன்மையான ஆவணம் இந்தியத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கை. ஆணையத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் கோப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. வேட்பாளர் பெயர், கட்சி, வாக்கு, மொத்த வாக்காளர், பதிவானவை எல்லாம் அதில் உண்டு. தேடும்போது இரண்டைக் கவனியுங்கள். முதல் தேர்தலின் அறிக்கை "1951" என்ற தலைப்பில் இருக்கும், ஏனென்றால் நாட்டில் வாக்குப்பதிவு அந்த ஆண்டு அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. நம் பக்கம் வாக்களித்தது 1952 ஜனவரியில். இரண்டாவது, 1967 தேர்தல் வரையிலான அறிக்கைகளில் மாநிலத்தின் பெயர் "மெட்ராஸ்". தமிழ்நாடு என்று தேடினால் நான்கு தேர்தல்கள் காணாமல் போய்விடும்.

இடைத்தேர்தல்கள் இந்த அறிக்கைகளில் வராது. முதுகுளத்தூரின் 1957 கதை அப்படித்தான் பலருடைய அட்டவணையிலிருந்து விழுந்துவிடுகிறது. முத்துராமலிங்கத் தேவர் அந்த ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றார். சட்டமன்ற இடத்தை விட்டுக்கொடுத்தார். இடைத்தேர்தலில் சசிவர்ணத் தேவர் வென்றார். அதைத் தொடர்ந்து மூண்ட கலவரமும், செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொலையுண்டதும் இந்த மாவட்ட அரசியலைத் தலைமுறைகளுக்கு மாற்றிப் போட்டன. பொதுத் தேர்தல் அறிக்கையை மட்டும் வைத்திருப்பவரிடம் 1957-க்கும் 1962-க்கும் இடையில் ஒரு வெற்றுக் கோடுதான் இருக்கும். இடைத்தேர்தலுக்கு அந்தக் கால நாளிதழ்களே துணை. சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. போவதற்கு முன் எந்த மாதம், எந்த ஆண்டு என்று எழுதி எடுத்துப் போங்கள்.

வாக்குச்சாவடி வாரியான முடிவுக்குப் படிவம் 20 வேண்டும். அண்மைத் தேர்தல்களுக்கு மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். இல்லாதவற்றுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். நான் முதலில் அனுப்பிய மனுவில் "பழைய தேர்தல் முடிவுகள் தேவை" என்று எழுதினேன். கேட்டது தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. குற்றம் என்னுடையதுதான். ஆண்டு, தொகுதி எண், படிவ எண் மூன்றையும் எழுதிக் கேளுங்கள்.

படி 4: அட்டவணையை எழுதுங்கள்

நோட்டோ, எக்செல்லோ, எது கைவருகிறதோ அது. பத்திகள்: ஆண்டு, அவை, வாக்களித்த நாள், எந்த எல்லை ஆணை, வென்றவர், ஆவணத்தில் உள்ள கட்சி, உண்மையில் சார்ந்த அணி, சின்னம், பெற்ற வாக்கு, இரண்டாமவர், அவர் வாக்கு, மொத்த வாக்காளர், பதிவானவை, எங்கிருந்து எடுத்தது. கடைசிப் பத்தியை யாரும் நிரப்புவதில்லை. ஆறு மாதம் கழித்து ஓர் எண்ணைப் பார்த்து "இது எங்கிருந்து வந்தது?" என்று தலையைச் சொறியும்போது அதன் அருமை தெரியும்.

ராமநாதபுரம் சட்டமன்றத் தொகுதிக்கு நான் எழுதிய வரிசை சுருக்கமாக இது. 1952-லும் 1957-லும் ராமநாதபுரம் ராஜா சண்முக ராஜேஸ்வர சேதுபதி சுயேச்சையாக வென்றார். 1962-இல் அவரே காங்கிரஸ் வேட்பாளராக வென்றார். 1967, 1971 தி.மு.க. வசம். 1977, 1980, 1984 மூன்றிலும் அ.தி.மு.க.வின் தி. ராமசாமி. 1989-இல் தி.மு.க.வின் எம்.எஸ்.கே. ராஜேந்திரன், 1991-இல் அ.தி.மு.க.வின் தென்னவன், 1996-இல் தி.மு.க.வின் ரகுமான் கான், 2001-இல் அ.தி.மு.க.வின் அன்வர் ராஜா, 2006-இல் காங்கிரஸின் ஹசன் அலி, 2011-இல் மனிதநேய மக்கள் கட்சியின் ஜவாஹிருல்லா, 2016-இல் அ.தி.மு.க.வின் மணிகண்டன், 2021-இல் தி.மு.க.வின் காதர்பாட்ஷா முத்துராமலிங்கம்.

அரண்மனையிலிருந்து கதை தொடங்குவதால் 1952-க்கு முன்னும் ஒரு வரி எழுதுங்கள். 1937-இல், சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும் வாக்குரிமை இருந்த காலத்தில், காங்கிரஸ் வேட்பாளராக நின்ற முத்துராமலிங்கத் தேவர் ராமநாதபுரம் ராஜாவைத் தோற்கடித்தார். 15 ஆண்டு கழித்து எல்லாருக்கும் வாக்குரிமை வந்தபோது ராஜா வென்றார். இந்த இரண்டு வரியையும் அடுத்தடுத்துப் பார்த்தால் யோசிக்க நிறைய இருக்கிறது. ஆனால் இரண்டு தேர்தலின் வாக்காளர் தொகையும் வேறு என்பதால் எண்களை ஒப்பிடாதீர்கள்.

படி 5: கட்சி, அணி, சின்னம் மூன்றையும் பிரியுங்கள்

டீக்கடைச் சண்டை இங்கேதான் தீர்கிறது. ஆவணம் "கட்சி" என்று எழுதுவது வேட்பாளரின் சட்டப்படியான அடையாளத்தை மட்டுமே.

சுயேச்சை என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். 1957-இல் தி.மு.க. அங்கீகாரம் பெற்ற கட்சி இல்லை. அதன் வேட்பாளர்கள் அறிக்கையில் சுயேச்சைகள். 1967-இல் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் வென்ற முஸ்லிம் லீக்கின் முகமது ஷெரீப்பும் சுயேச்சைக் கணக்கில்தான் வருகிறார். சேதுபதியும் சுயேச்சை, ஆனால் 1952-இல் வென்றதும் ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றார், காமராஜர் அமைச்சரவையிலும் தொடர்ந்தார். எதிர்வரிசையில் உட்கார்ந்த சுயேச்சை அல்லர் அவர்.

அடுத்தது இரவல் சின்னம். 2016-இல் திருவாடானையில் வென்ற கருணாஸ் முக்குலத்தோர் புலிப்படைத் தலைவர். ஆனால் நின்றது இரட்டை இலையில், ஆகவே ஆவணத்தில் அ.தி.மு.க. உறுப்பினர். சின்னம் எதுவோ, ஆவணத்துக்குக் கட்சி அதுவே.

கட்சி பிளந்த ஆண்டுகளில் இன்னும் கவனம் தேவை. 1989 ஜனவரித் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. காங்கிரஸ் தனியாக நின்றது. அந்த ஆண்டு அ.தி.மு.க. வாக்கு எவ்வளவு என்று ஒரே கட்டத்தில் எழுத முடியாது, இரண்டு கட்டம் வேண்டும்.

ஜவாஹிருல்லாவின் வரி எனக்கு மிகவும் பிடித்தது. 2011-இல் அ.தி.மு.க. அணியில் நின்று வென்றார். 2016-இல் அதே ஆள், அதே கட்சி, அதே தொகுதி, ஆனால் தி.மு.க. அணியில். அ.தி.மு.க.வின் மணிகண்டனிடம் 33,222 வாக்கில் தோற்றார். "மனிதநேய மக்கள் கட்சியின் வாக்கு வங்கி" என்று இந்த இரண்டு எண்ணையும் கோடு போட்டு இணைப்பவர் எதை அளக்கிறார் என்று அவருக்கே தெரியாது.

படி 6: பெயர்களைச் சரிபாருங்கள்

தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது உருத் தெரியாமல் மாறிவிடும். அன்வர் ராஜாவின் பெயரை எத்தனை எழுத்துக்கூட்டலில் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. தலைப்பெழுத்துகளும் ஏமாற்றும். 1980-இல் மக்களவைக்குப் போன சத்தியேந்திரன், 1989-இல் சட்டமன்றத்துக்குப் போன ராஜேந்திரன் இருவருக்கும் எம்.எஸ்.கே. தான் முன்னெழுத்து. தி. ராமசாமி ராமநாதபுரத்து அ.தி.மு.க., கே.ஆர். ராமசாமி திருவாடானையில் ஐந்து முறை வென்ற காங்கிரஸ்காரர். 2024 மக்களவைத் தேர்தலில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது அதே முன்னெழுத்தும் அதே பெயரும் கொண்ட இன்னும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். அந்த அறிக்கையை எழுத்தால் தேடினால் ஆறு பன்னீர்செல்வங்கள் வரிசையாக எழுந்து நிற்பார்கள்.

படி 7: எண்களைப் படியுங்கள், ஆனால் உடனே நம்பாதீர்கள்

முதலில் வகுப்பது எதனால் என்று முடிவு செய்யுங்கள். வாக்குச் சதவீதத்தை மொத்தம் பதிவானவற்றால் வகுக்கலாம், செல்லுபடியானவற்றாலும் வகுக்கலாம். 2013-க்குப் பிறகு நோட்டாவும் உண்டு. எதை எடுத்தாலும் எல்லா ஆண்டுக்கும் அதையே எடுங்கள்.

வாக்காளர் எண்ணிக்கை திடீரென ஏறினால் குழந்தை பெருகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆனது 1989 மார்ச் இறுதியில். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது அந்த ஜனவரியில். ஆகவே 1989 சட்டமன்றப் பட்டியல் 21 வயதுப் பட்டியல், 1991-இன் பட்டியலோ 18 வயதுப் பட்டியல்.

வாக்குப்பதிவு சதவீதத்தைப் பற்றி எழுதும்போது எங்கள் கரையில் கடல் நாள்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். ராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துக் கடலுக்குப் போகும், மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். இப்போது தேர்தல் நாள்களைப் பாருங்கள். 2011-இல் ஏப்ரல் 13, புதன்கிழமை, தடைக்கு இரண்டு நாள் முன்பு. 2016-இல் மே 16, தடைக்காலத்தின் நடுவே, படகுகள் எல்லாம் கரையில். 2021-இல் ஏப்ரல் 6, செவ்வாய், தடைக்கு முன்பு. 1984-இலோ டிசம்பர் 24, மழைக்காலத்தின் வால். இதனால்தான் சதவீதம் ஏறியது, இறங்கியது என்று நான் சொல்லவில்லை. வாக்களித்த நாளுக்கு ஒரு பத்தி ஏன் கேட்டேன் என்பதற்குத்தான் இவ்வளவும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இன்னொரு காரணம் சேரும். பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் வளைகுடாவில் இருப்பார். வெளிநாட்டில் இருப்பவர் ஊருக்கு வந்தால்தான் வாக்களிக்க முடியும். அங்கே குறைவான பதிவைப் பார்த்து ஆர்வமின்மை என்று எழுதுவது அநியாயம்.

இனி நான் ஒரு நாள் முழுக்க வாய் பிளந்து பார்த்த எண். ராமநாதபுரம் மக்களவை, 2019. முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனி 4,69,943. இரண்டாம் இடம் பா.ஜ.க.வின் நயினார் நாகேந்திரன் 3,42,821. அடுத்து 2024. நவாஸ் கனி 5,09,664. இரண்டாம் இடம் ஓ. பன்னீர்செல்வம் 3,42,882. இரண்டாமவர்களின் வாக்கில் வேறுபாடு வெறும் 61. "எதிரணியின் வாக்கு அசையவே இல்லை" என்று தலைப்புப் போட்டு எழுதக் கை துறுதுறுத்தது. ஆனால் 2019-இல் பா.ஜ.க.வோடு அ.தி.மு.க. இருந்தது, 2024-இல் அ.தி.மு.க. தனி வேட்பாளரை நிறுத்தியிருந்தது. எண் ஒன்றுதான், அதற்குள் இருக்கும் மனிதர்கள் வேறு. தற்செயலுக்கும் ஓர் அழகு உண்டு என்று ரசித்துவிட்டு நகர்ந்தேன்.

படி 8: வாக்குச்சாவடிக்குள் இறங்குங்கள்

படிவம் 20 கிடைத்திருந்தால் ஊர் வாரியாகக் கூட்டுங்கள். சாவடி எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், ஆகவே எண்ணை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2021-இல் கொரோனாவுக்காகத் துணைச் சாவடிகள் அமைத்ததால் ஒரே பள்ளி இரண்டு வரியில் வரும். ஆண்கள் சாவடி, பெண்கள் சாவடி என்று பிரிந்திருந்தால் அது புதையல், தனியே எழுதி வையுங்கள். தபால் வாக்கு கடைசி வரியில் மொத்தமாக வரும், அதை எந்த ஊருக்கும் பிரிக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பு. "இந்தத் தொகுதியில் இன்ன சாதி இத்தனை சதவீதம்" என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பட்டியல் ஊரைச் சுற்றும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1931-க்குப் பிறகு எல்லாச் சாதிகளுக்குமான கணக்கை வெளியிட்டதில்லை, சட்டமன்றத் தொகுதி வாரியாக எதையும் பிரிப்பதுமில்லை. அந்தப் பட்டியல்களை உங்கள் அட்டவணைக்குள் விடாதீர்கள். ஒரே தொகுதிக்கு மூன்று பேர் தந்த சதவீதங்களைக் கூட்டிப் பார்த்தேன், ஒருவருடையது நூறைத் தாண்டியது.

படி 9: பெரியவர்களிடம் கேளுங்கள்

யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்காதீர்கள், அது மரியாதையில்லை. "பெட்டியா, சீட்டா, பொத்தானா?" என்று கேளுங்கள். என் அப்பத்தா தங்கச்சிமடத்தில் முதன்முதலாக வாக்களித்ததைச் சொல்லும்போது, "சீட்டில் ஒன்றும் குத்தவில்லை அய்யா, படம் ஒட்டின பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன்" என்பார். மறதி என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, 1952-லும் 1957-லும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல்தான் சின்னம். சீட்டில் குறியிடும் முறை 1962 பொதுத் தேர்தலில் வந்தது. ஒரு வாக்கியத்தில் அப்பத்தா தன் முதல் வாக்கின் காலத்தைத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்.

பொத்தான் என்றால் 2001-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலும் அதற்குப் பின்னும். ஆனால் ஊராட்சித் தேர்தலில் 2019-இலும் சீட்டுத்தான், எனவே எந்தத் தேர்தல் என்று மறுபடி கேட்டு உறுதி செய்யுங்கள். தீவுக்காரர்களிடம் இன்னொரு கேள்வியும் உதவும்: "அப்போது சாலைப் பாலம் இருந்ததா?" பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988-இல். அதற்கு முன் என்றால் ரயில், இல்லையென்றால் படகு.

கச்சத்தீவு பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. 1974, 1976 ஒப்பந்தங்களை அட்டவணையின் ஓரத்தில் குறியுங்கள். அப்போது ராமநாதபுரம் எம்.பி. ஃபார்வர்டு பிளாக்கின் மூக்கையாத் தேவர், மக்களவையில் ஒப்பந்தத்தை எதிர்த்துப் பேசியவர். ஆனால் அடுத்த தேர்தல் 1977-இல், இடையில் நெருக்கடி நிலை வந்து போயிருந்தது, எம்.ஜி.ஆர். புதிய கட்சியோடு வந்திருந்தார். ஓரத்தில் எழுதிய நிகழ்ச்சியை நடுவில் இருக்கும் முடிவோடு அம்புக்குறி போட்டு இணைக்காதீர்கள்.

படி 10: உங்கள் கேள்வியை அட்டவணையிடம் கேளுங்கள்

டீக்கடைக்குத் திரும்புவோம். "அணி" என்ற பத்தியை வைத்துப் பார்த்தால் 1962 முதல் 2021 வரை 14 சட்டமன்றத் தேர்தலிலும் ராமநாதபுரத்தில் வென்றவர் ஆட்சி அமைத்த அணியைச் சேர்ந்தவர். 2006-இல் காங்கிரஸ் தி.மு.க. அணி, 2011-இல் மனிதநேய மக்கள் கட்சி அ.தி.மு.க. அணி. 1980 இன்னும் சுவையானது. ஜனவரியில் மக்களவைக்கு தி.மு.க.வை அனுப்பிய ராமநாதபுரம், மே மாதம் சட்டமன்றத்துக்கு அ.தி.மு.க.வை அனுப்பியது. வலை தைத்த பெரியவர் சொன்னது சரி. "கட்சி" பத்தியை வைத்துப் பார்த்தால் எதிர் பெஞ்சுக்காரரும் சரி.

ஆனால் உடனே பெரியவருக்கு மாலை போடவேண்டாம். பக்கத்துத் தொகுதியையும் அதே தராசில் வையுங்கள். திருவாடானை 1989-இல் காங்கிரஸையும் 2011-இல் தி.மு.க.வையும் தேர்ந்தெடுத்தது, இரண்டு முறையும் கோட்டையில் வேறு அணி. அதற்கு அடுத்து, ஒவ்வொரு வெற்றிக்கும் எடை போடுங்கள். 1991-இல் அ.தி.மு.க., காங்கிரஸ் அணி 234-இல் 225 இடங்களை வாரிக்கொண்டு போனது. அந்த ஆண்டு ராமநாதபுரம் வெல்லும் பக்கம் நின்றது செய்தியே இல்லை, மாநிலமே அங்கேதான் நின்றது. நான்கு முனைப் போட்டியில் வாக்கு சிதறிய 1989-தான் செய்தி. கடைசியாகப் படி 2-க்குப் போங்கள். 1962-இன் ராமநாதபுரமும் 2021-இன் ராமநாதபுரமும் ஒரே ஊர்களின் தொகுப்பு அல்ல. 14 முறை என்பது ஒரு பெயரின் சாதனை. எந்தெந்த ஊர் 14 முறையும் அந்தப் பெயருக்குள் இருந்தது என்பதை ஊர்க் கட்டம்தான் சொல்லும்.

முடித்த அட்டவணையில் வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்த தனிநபர் பெயர், முகவரி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு படியை ஊர் நூலகத்தில் கொடுங்கள், ஒரு படியை டீக்கடையில் வையுங்கள். நூலகத்துப் படியில் இதுவரை யாரும் கை வைக்கவில்லை. டீக்கடைப் படியில் நான்கே நாளில் தேநீர்க் கறையோடு ஏழு திருத்தங்கள் வந்தன, அவற்றில் ஐந்து சரியாக இருந்தன.